பெரட்டுத் தண்டவாளம்

போன வாரம் வெள்ள எச்சரிக்கை சைரன் ஒத்திகைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். வந்தேன். நிழலில் நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுத்து, இந்தக் கிழவியை நன்றாகத்தான் கவனித்தீர்கள். சைரன் ஊதியது. கம்போங் வீடுகளிலிருந்து சனங்கள் குடையும் குழந்தையுமாகச் சாரை சாரையாக வந்து நின்றார்கள். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. "மிஸ்ஸிக்கு உடம்பு முடியலையோ?" என்று ஒரு தம்பி பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. காதும் உடம்பும் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன, தம்பி. வந்தவர்களைப் பார்த்து இத்தனை சந்தோஷப்படுகிறார்களே, வராதவர்கள் யார் என்று ஒரு பிள்ளையாவது கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

தாதி வேலைக்குப் போன நாளிலிருந்து நான் எல்லோருக்கும் மிஸ்ஸிதான். அப்புறம் எத்தனையோ வெள்ளம் பார்த்தாயிற்று. படகை எப்படிப் பிடிப்பது, குடிதண்ணீரில் எவ்வளவு மருந்து கலப்பது என்பதெல்லாம் உங்கள் பயிற்சியிலேயே இருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒரே ஒரு வெள்ளம். ஜப்பான்காரன் காலத்தில், இதே காஜா பேராங்கில் வந்த வெள்ளம்.

அப்போது இங்கே இந்தக் கடைகளும் மாடி வீடுகளும் கிடையாது. ரோட்டோரம் மேட்டில், பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன செட்டிகளின் வீடுகளும் மலாய்க்காரர்களின் பலகை வீடுகளும் இருந்தன. பின்னால் தென்னையும் ரம்புத்தானும். அதற்கும் பின்னால் வயலும் சேறும். அந்தச் சேற்றோரம்தான் குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஓடி வந்த நம் சனங்கள் சிலர் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுக் குடியிருந்தார்கள். தோட்டத்தை விட்டு ஏன் ஓடி வந்தார்கள் என்று கேட்டால், "அங்க பொழப்பு இல்ல" என்பார்கள். யாருக்குத்தான் அப்போது பிழைப்பு இருந்தது? அரிசியைக் கண்ணில் காண்பதே பெரிது. ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தின்று எல்லோருக்கும் வயிறு ஊதிக் கிடந்தது. அதனால் மேலே யாரும் கேட்கவில்லை.

முந்தைய மழைக்காலத்தில் ஆறு ஏறி அந்தப் பக்கம் உயிர்ச்சேதம் ஆகியிருந்தது. ஆகவே இந்த முறை மழைக்கு முன்பே ஜப்பான் அதிகாரி ஒருவன் ஊர் ஆட்களைக் கூப்பிட்டு, வெள்ளம் வந்தால் கவனிக்க ஒரு குழு போடச் சொன்னான். தலைவர் கிராணி ஐயா. சண்டைக்கு முன்னால் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதியவர். வேலை போனாலும் அந்த மிடுக்கு போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்பினார்கள். கஞ்சி காய்ச்ச மக் மீனா வந்தாள். செட்டி வீட்டுப் பெண். பெயரும் பொட்டும் நம்மைப்போல, பேச்சு முழுக்க மலாய். படகுக்குப் பாக் சாலே, ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மலாய்க்காரர். மேட்டில் மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் ஒன்றைக் கூட்டிப் பெருக்கித் தயார் செய்தோம்.

சனங்களை எப்படி எச்சரிப்பது என்று பேச்சு வந்தது. நான் விசில் ஊதலாம் என்றேன். கிராணி ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"விசிலா? மழைச் சத்தத்துல விசில் எங்கம்மா கேக்கும்? இந்த ஆளுங்கள எனக்குத் தெரியும். பெரட்டுக்கு ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும் பாரு, அதே மாதிரி ஒண்ணக் கட்டி அடிப்போம். தூக்கத்துலகூட எந்திரிச்சி ஓடியாந்துடுவாங்க. பொறந்ததுலேர்ந்து கேட்ட சத்தம்ல!"

தோட்டம் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். விடியுமுன்னே தோட்டத்தில் அந்தத் தண்டவாளத்தைத் தட்டுவார்கள். ஆணும் பெண்ணும் லயத்திலிருந்து ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குத்தான் பெரட்டு என்று பெயர். கிராணி ஐயா சொன்னது நியாயமாகத்தான் பட்டது. தண்டவாளத் துண்டு ஒன்று கிடைத்தது. பள்ளிக்கூட வாசல் மரத்தில் கட்டினோம். தட்டினால் வாருங்கள், வந்தால் அரிசிக் கஞ்சி உண்டு என்று குடிசை குடிசையாகச் சொல்லியும் வைத்தோம். ஒத்திகையும் பார்த்தோம், உங்களைப்போலவே! செட்டி வீட்டுப் பெண்கள் வந்தார்கள், மலாய்க்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். குடிசைகளிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். "ஆம்பளைங்க வேலைக்குப் போயிருப்பாங்க" என்றார் கிராணி ஐயா. நாங்களும் ஆமாம் என்றோம்.

பிறகு மழை வந்தது. என்ன மழை என்கிறீர்கள்! நாள்கணக்காக விடாமல் கொட்டியது. கடலும் ஏற்றமாக இருந்ததால் ஆற்றுத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் பின்பக்கமாகத் திரும்பி ஏறியது. காலையில் வயல் தெரிந்தது. சோறு தின்னும் நேரத்துக்கு வயலைக் காணோம். கிராணி ஐயாவே நனைந்துகொண்டு நின்று தண்டவாளத்தை அடித்தார். அந்தக் கணீர் கணீர் சத்தம் மழையைத் துளைத்துக்கொண்டு போனது. மேட்டுச் சனங்கள் வந்தார்கள். குடிசைச் சனங்களும் தலையில் மூட்டையோடு வந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் மட்டும்.

அந்த நேரம் பார்த்து அதிகாரியும் சிப்பாய்களோடு வந்து பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்துவிட்டான். கஞ்சிக்கு அரிசி மூட்டை கொண்டுவந்ததும் அவன்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவன் இருக்கும் இடத்தில் சத்தமாக இருமக்கூட எல்லோருக்கும் பயம்.

"ஆம்பளைங்க எங்க?" என்று நான் குடிசைப் பெண்களிடம் கேட்டேன்.

"சயாமுக்குப் போயிட்டாங்க, மிஸ்ஸி."

ஒருத்தி சொன்னாள், அடுத்தவளும் அதையே சொன்னாள். சயாமில் ரயில் பாதை போட ஆட்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனது ஊரறிந்த விஷயம். போனவர்கள் திரும்பியதில்லை. அந்தப் பதிலைக் கேட்ட பிறகு மேலே என்ன கேட்பது? நான் கஞ்சிக் குவளையை நீட்டிக்கொண்டே போனேன்.

அதில் அஞ்சலை என்று ஒருத்தி. இடுப்பில் கைக்குழந்தை. எல்லோரும் உள்ளே ஈரத்தைப் பிழிந்துகொண்டிருக்க, இவள் மட்டும் வெளித் தூணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றாள். கஞ்சி வாங்கவில்லை. நான் பக்கத்தில் போனதும் மெல்லக் கேட்டாள்.

"தண்ணி இன்னும் ஏறுமா, மிஸ்ஸி?"

"ஏறும்போலத்தான் இருக்கு."

"எம்மாம் ஏறும்? பரண் வரைக்கும் வருமா?"

எனக்கு என்னவோ சுருக்கென்றது. வெள்ளத்தில் வந்தவர்கள் வீடு நிற்குமா, கோழி பிழைக்குமா என்று கேட்பார்கள். பரணைக் கேட்டு நான் கண்டதில்லை.

"பரண்ல என்னா வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்ல. பழைய பாயி."

பாய்க்காக எவளாவது அப்படிக் கஞ்சிகூட வாங்காமல் நிற்பாளா? உள்ளே மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். அதுவரை கலகலவென்று இருந்தவர்கள் சட்டென்று அடங்கி, பிள்ளைகளின் தலையைத் துவட்டத் தொடங்கினார்கள். ஒருத்தியும் என் கண்ணைப் பார்க்கவில்லை. அதிகாரி உள்ளே ஐந்தாறு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.

குழந்தைக்கு மருந்து போட வேண்டும் என்று உரக்கச் சொல்லிவிட்டு அவளைப் பின்பக்கம் விறகுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மக் மீனா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"பரண்ல யாரு?"

"யாருமில்ல, மிஸ்ஸி."

"அஞ்சலை, நான் ஜப்பான்காரன் இல்ல."

"அவன் குடுக்குற அரிசியத்தானே நீங்களும் காச்சி ஊத்துறீங்க?"

அடித்தாற்போல இருந்தது. கோபம்கூட வந்தது. மழையில் நாங்கள் படுகிற பாட்டுக்கு இந்தப் பேச்சா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மக் மீனா எழுந்து கொட்டகைக்கு வெளியே, தான் நட்டு வைத்திருந்த குச்சியைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆயர் நாய்க் லாகி, மிஸ்ஸி" என்றாள். தண்ணீர் இன்னும் ஏறுகிறது என்று மலாயில் சொன்னது அஞ்சலைக்கும் புரிந்தது. அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு மேல இருக்காரு, மிஸ்ஸி."

அவன் பெயர் முனியாண்டி. விறகு வெட்டும்போது கோடாலி பட்டுக் கால் வீங்கிக் கிடந்தான். தண்டவாளச் சத்தம் கேட்டதும் மற்ற ஆண்கள் எல்லோரும் பின்பக்க மேட்டில் ஏறி ரப்பர்க் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். இவனால் ஓட முடியவில்லை. அஞ்சலை அவனைப் பரணில் ஏற்றி, யாரும் சந்தேகப்படக்கூடாது என்று ஏணியை எடுத்து வெளியே சேற்றில் தள்ளிவிட்டுப் பிள்ளையோடு வந்திருக்கிறாள். நொண்டிக் கால், ஏணி இல்லை, கூரைக்குக் கீழே ஆள் நிமிரக்கூட இடமில்லை. அந்தக் குடிசைதான் எல்லாவற்றையும்விடத் தாழ்வில் இருந்தது.

கிராணி ஐயாவை ஜாடை காட்டி வெளியே வரவழைத்துச் சொன்னேன்.

"நான் அடிச்ச சத்தத்துக்கா ஓடுனாங்க? ஏம்மா?"

"ஏன்னு எனக்கும் தெரியல. அத அப்புறம் கேக்கலாம். இப்ப படகு வேணும், ஐயா."

படகு என்றால் லேசா? இருந்ததே இரண்டு சம்பான்கள்தான். இரண்டும் அதிகாரியின் கணக்கில். அவன் வார்த்தை இல்லாமல் கயிற்றைக்கூட அவிழ்க்க முடியாது. உண்மையைச் சொன்னால் சிப்பாயை அனுப்பி முனியாண்டியைக் காப்பாற்றுவான், சந்தேகமே இல்லை. கால் ஆறும்வரை கஞ்சியும் ஊற்றுவான். பிறகு சயாமுக்கு ஏற்றிவிடுவான். சொல்லாவிட்டால் ஆள் கூரைக்கடியிலேயே முழுகிச் சாவான். யோசிக்க நேரம் இருந்தால் நான் என்னவெல்லாம் யோசித்திருப்பேனோ! நேரம் இல்லாததால் எனக்குத் தெரிந்த தொழிலையே பிடித்துக்கொண்டேன்.

பிரசவம் என்றேன். இவள் தங்கை அங்கே வலியோடு கிடக்கிறாள் என்றேன். கிராணி ஐயாவுக்கு ஜப்பான் வார்த்தைகள் கொஞ்சம் தெரியும். குனிந்து குனிந்து சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தான், அஞ்சலையைப் பார்த்தான். பிறகு ஒரு சிப்பாயைக் கூடப் போகச் சொல்லிக் கை காட்டினான். சிப்பாய் எழுந்து துப்பாக்கியைத் தோளில் மாட்டுகிறான்! நான் வெட்கத்தை விட்டு வயிற்றில் கையை வைத்துக் குனிந்து, ரத்தம் எப்படிக் கொட்டும் என்று நடித்தே காட்டினேன். அவன் சின்னப் பையன்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தான். உள்ளேயிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அதிகாரி சலித்துப்போய், போ போ என்று கையை வீசினான்.

குழந்தையை மக் மீனாவிடம் கொடுத்துவிட்டு நானும் அஞ்சலையும் ஏறினோம். பாக் சாலே இன்னொரு சம்பானையும் பின்னால் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். தாயையும் பிள்ளையையும் படுக்கவைத்துக் கொண்டுவர வேண்டும் அல்லவா, அந்தச் சாக்கு; நிஜத்தில் படுக்கவைக்க வேண்டியிருந்தது கால் வீங்கியவனை.

போகும் வழியில்தான் அஞ்சலை சொன்னாள். தோட்டத்தில் ஒரு நாள் விடியுமுன்னே வழக்கம்போல் பெரட்டுத் தண்டவாளம் அடித்திருக்கிறது. வழக்கம்போல் எல்லோரும் வரிசையில் வந்து நின்றிருக்கிறார்கள்.

"அரிசி குடுக்குறாங்க, ஆம்பளைங்க மட்டும் முன்னால வாங்கன்னு சொன்னாங்க, மிஸ்ஸி. எந்தம்பி சிரிச்சிக்கிட்டே போனான். பின்னால லாரி நின்னிச்சி. தப்பிச்சிக் காட்டுக்குள்ள ஓடுனவங்கள, பொண்டாட்டிமாரப் புடிச்சி வச்சி, கூப்புடு கூப்புடுன்னு அடிச்சி, அவளுங்க வாயாலேயே வரவச்சி ஏத்துனாங்க. நீங்களும் அதே இரும்பத்தானே அடிச்சீங்க? அரிசி இருக்குன்னுதானே சொன்னீங்க?"

பிள்ளைகளே, நாங்கள் ஒரு வெள்ளத்துக்குத் தயாரானோம். அவர்கள் எங்களுக்குத் தயாராகி இருந்தார்கள். எங்களைவிட அவர்களின் ஏற்பாடு பலமாக இருந்தது.

எவ்வளவு பலம் என்பது குடிசையை நெருங்கிய பிறகுதான் தெரிந்தது. கதவு முழுகி, கூரை மட்டும் தொப்பிபோல் தெரிந்தது. குடிசையே மெல்ல ஆடியது.

"இந்தாய்யா! நாந்தான்! வெளிய வா!" என்று அஞ்சலை கத்தினாள்.

பதில் இல்லை.

"ஒருத்தரும் இல்லய்யா, மிஸ்ஸிதான் வந்திருக்காங்க! வாய்யா!"

கூரைக்கடியில் ஏதோ நகர்ந்தது எனக்கே கேட்டது. ஆள் உயிரோடு இருக்கிறான். ஆனால் வாய் திறக்கவில்லை. அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டாள்.

"நானே வந்து கூப்டாலும் வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன், மிஸ்ஸி! பாவி நாந்தான் வாங்குனேன்! என்னய அடிச்சித்தான் கூப்புட வைக்கிறாங்கன்னு நெனைக்கிறாரு!"

அவள் கெஞ்சினாள், திட்டினாள், பிள்ளைமேல் ஆணையிட்டாள். ஒவ்வொரு கத்தலும் அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! அவள் அழ அழ, அவளை யாரோ அடிக்கிறார்கள் என்ற அவனுடைய பயம்தான் உறுதியாகி இருக்கும். பாக் சாலே அதற்குமேல் பொறுக்கவில்லை. பாராங் கத்தியை எடுத்துக் கூரை அத்தாப்பை ஒரு பக்கமாக வெட்டிப் பிரித்தார்.

வெளிச்சம் உள்ளே போனதோ இல்லையோ, மறுபக்கக் கூரையை முட்டிக்கொண்டு ஓர் உருவம் தண்ணீரில் விழுந்தது. நாங்கள் காப்பாற்ற வந்த ஆள், எங்களை விட்டுத் தப்பித்து நீந்துகிறான்! நல்ல காலால் உதைத்து உதைத்து, கொஞ்ச தூரம் போய் ஒரு ரம்புத்தான் மரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டான். அந்த மரத்துக்கு அப்பால் மரமே இல்லை. ஆற்று வெள்ளம் சுழித்துக்கொண்டு போனது.

பாக் சாலே துடுப்பைப் போட்டார். சம்பான் அவனை நோக்கித் திரும்பியது. இன்னும் கொஞ்ச தூரம்தான், கையெட்டும் அளவுக்கு வந்துவிட்டோம். அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். நான் வெள்ளை உடுப்பில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவன் ஒரு கையைக் கிளையிலிருந்து எடுத்தான். பிடிக்கத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன். இல்லை. உடம்பை அந்தப் பக்கம் திருப்பினான். வெள்ளத்தில் விழப் போகிறான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "பின்னால போங்க, பாக் சாலே! பின்னால!"

அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அஞ்சலை என் உடுப்பைப் பிடித்து உலுக்கினாள். "போயிடாதீங்க மிஸ்ஸி, விட்டுட்டுப் போயிடாதீங்க!" ஆனால் சம்பான் பின்வாங்கியதும் அவன் மறுபடி இரண்டு கையாலும் கிளையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். நாங்கள் நெருங்கினால் விடுகிறான், விலகினால் பிடிக்கிறான். அவ்வளவு தெரிந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பின்னால் கட்டியிருந்த காலிச் சம்பான் அப்போதுதான் கண்ணில் பட்டது.

"பாக் சாலே, அந்தச் சம்பான இந்தத் தென்னையில கட்டிக் கயித்த நீளமா விடுங்க. தண்ணியே அத அவன்கிட்ட கொண்டுபோகும். ஒரு துடுப்ப அதுக்குள்ள போடுங்க. நாம போயிடலாம்."

"அது அவங்க படகு, மிஸ்ஸி. திரும்பிப் போகும்போது அது இல்லைன்னா அவங்க கேக்கப் போறது என்னைத்தான்" என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். நியாயமான பேச்சு. அஞ்சலை குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டு, எழுந்து, தென்னையில் கயிற்றைக் கட்டினார்.

காலிச் சம்பான் மெல்ல மிதந்து அந்த மரத்தை நோக்கிப் போனது. அஞ்சலையிடம், "வான்னு சொல்லாத. நாம போறோம்னு மட்டும் சொல்லு" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நாங்க போறோம்யா! ஒருத்தரும் நிக்க மாட்டோம்! ஏறு, ஏறாமப் போ, ஒன் இஷ்டம்!" என்று கத்திவிட்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நானும் திரும்பிக்கொண்டேன். பாக் சாலே துடுப்பைப் போட்டார். எவ்வளவோ வேலை செய்திருக்கிறேன். முழுகுகிறவனை விட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போனதைப்போல் கஷ்டமான வேலை செய்ததில்லை. பின்னால் தண்ணீரில் ஏதாவது விழும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதிகாரி வாசலிலேயே நின்றிருந்தான். பிள்ளை பிறந்துவிட்டது, தாயை மேட்டு வீடு ஒன்றில் சொந்தக்காரர்களிடம் விட்டோம் என்று சொன்னேன். தலையை ஆட்டினான். பிறகு படகுகளைப் பார்த்தான். ஒன்றுதான் இருந்தது. பாக் சாலே, கயிறு அறுந்து வெள்ளத்தில் போய்விட்டது என்றார். அதிகாரி அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். பேரன் பேத்தி எடுத்த மனிதர், அத்தனை சனங்களுக்கு முன்னால். இன்னொரு அறையும் விழுந்தது. அவர் தலையைக் குனிந்து நின்றாரே தவிர, என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ராத்திரி எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். அஞ்சலை குழந்தைக்குப் பால் கொடுத்தாள், சுவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். என்மேல் ஒரு வார்த்தை பழி சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நெருங்கியிருந்தால் பிடித்திருக்கலாமோ, ஒரு கையையாவது எட்டிப் பிடித்திருக்கலாமோ என்று என் மனது கிடந்து அடித்துக்கொண்டது. முடிவு எடுக்கும்போது வராத சந்தேகமெல்லாம் எடுத்த பிறகு வரும். உங்களுக்கும் வரும். வராது என்று சொல்கிறவனோடு படகில் ஏறாதீர்கள்.

காலையில் மழை விட்டிருந்தது. விறகு பொறுக்கப் போன மக் மீனா ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். நான், அஞ்சலை, பாக் சாலே மூன்று பேரும் பின்னாலேயே போனோம். பள்ளிக்கூடத்துக்கு வெகுதூரம் தள்ளி, ரப்பர்க் காட்டுக்கு ஏறும் மேட்டோரம், ஒரு பலாமரத்தில் சம்பான் கட்டியிருந்தது. துடுப்பு உள்ளே ஒழுங்காக வைத்திருந்தது. அடிப்பலகையில் கொஞ்சம் ரத்தக் கறை. வேறு ஒன்றும் இல்லை. அஞ்சலை அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "இது அவரு கட்டுனது" என்றாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? வீங்கிய கன்னத்தோடு பாக் சாலே சிரித்தார்.

கிராணி ஐயா அன்றைக்கே மரத்திலிருந்து தண்டவாளத்தை அவிழ்த்தார். யாரையும் கூட்டாமல் தானே சுமந்துகொண்டு போய் ஆற்றில் போட்டார். அடுத்த மழைக்கு முன்னால் குடிசைகளுக்குப் போய், தரையில் உட்கார்ந்து, "நாங்க என்னா செஞ்சா நீங்க வருவீங்க?" என்று கேட்டார். ஒரு பெண், "எங்களக் கூட்டாதீங்க, ஐயா. தண்ணி வருதுன்னு ஒரு ஆளு வந்து சொல்லிட்டுப் போனாப் போதும்" என்றாள். அப்படியே செய்தோம். அவர் பெரிய மனிதர்தான். எல்லோருக்கும் அப்படிக் கேட்க வராது.

சண்டை முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட காலம். நான் அம்மை குத்தும் இடத்தில் வேலையாக இருந்தேன். வரிசையில் ஒருவன் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். கொஞ்சம் நொண்டினான். பக்கத்தில் அஞ்சலை. அவள் சொல்லாவிட்டால் எனக்கு அடையாளமே தெரிந்திருக்காது. அவன் முகத்தை நான் அன்று ஒரு நொடிதானே பார்த்தேன். பிள்ளைக்குக் குத்தி முடித்து, ஊர்க்கதையெல்லாம் பேசினோம். இத்தனை வருஷமாக மனதில் கிடந்ததைக் கேட்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"ஏன் முனியாண்டி, அன்னிக்கி ஒம் பொண்டாட்டி கண்ணு முன்னால நின்னு அந்தக் கத்து கத்துனா. நான் கைய நீட்டிக்கிட்டு நின்னேன். படகு கையெட்டுற தூரத்துல இருந்திச்சி. ஏன் ஏறல?"

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. மகளின் கையை ஊதிக்கொண்டே, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான்.

"படகுல ஆளு இருந்திச்சே, மிஸ்ஸி."